மாஜிஸ்ட்ரேட்டுகளுக்கு தாராவியிலேர்ந்து ஒரு திறந்த மடல்

ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

திருடினவன சும்மா விடுங்கன்னு கேக்க இத எழுதல. போன் திருட்டு போனா அந்த வலி என்னன்னு தாராவிக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். தண்டனை குடுங்க, ஆனா தப்போட அளவுக்கு குடுங்க, அதுவும் தீர்ப்புக்கு அப்புறம் குடுங்க.

எங்க சந்துல பேக் தைக்கிற யூனிட்ல இருந்த திருநெல்வேலி பையன், முதல் கேஸ், போன் திருட்டுன்னு புடிச்சாங்க. ஜாமீன் கிடைச்சிருச்சு, ஆனா லோக்கல் சூரிட்டி, அதாவது அவனுக்காக கோர்ட்ல பொறுப்பேத்துக்க ஒரு உள்ளூர் ஆள் வேணுமாம், அந்த ஆளோட ரேஷன் கார்டு, சம்பள ஸ்லிப், சொத்து வசதி இருக்குன்னு காட்டுற சால்வன்சி சர்டிபிகேட்னு கேட்டா வாரக்கூலிக்கு தைக்கிறவங்க எங்க போவாங்க? ஊர்லேர்ந்து அவன் அண்ணன் ரயிலேறி வந்து நின்னாரு, வெளி மாநில ஆளுன்னு ஏத்துக்கல. ஜாமீன் ஆர்டர் கையில, பையன் மாசக்கணக்கா உள்ள. அவன்தான் திருடினான்னு இன்னும் எந்த கோர்ட்டும் சொல்லல!

இதே மாதிரி 1978லயே சுப்ரீம் கோர்ட்டுக்கு போயிருக்கு. மோத்தி ராம்னு மத்தியப் பிரதேச கொத்தனார், 10,000 ரூபாய்க்கு சூரிட்டி கேட்டு, அண்ணன் தம்பி வந்தா வேற மாவட்டம்னு தள்ளிட்டாங்க. நீதிபதி கிருஷ்ணய்யர் அத கண்டிச்சு 1,000 ரூபா சொந்த பாண்டுல, அதாவது சூரிட்டி ஆள் இல்லாம அவரே எழுதிக் குடுக்கற உறுதில, விடச் சொன்னாரு. 2023 ஜனவரியிலயும் சுப்ரீம் கோர்ட், ஜாமீன் கிடைச்சும் ஒரு மாசத்துக்குள்ள பாண்டு கட்ட முடியலன்னா கோர்ட்டே கேஸ எடுத்து கண்டிஷன தளர்த்தலாம், லோக்கல் சூரிட்டி கேக்க வேணாம்னு யோசனை சொல்லிருச்சு.

சட்டத்துல அளவு இல்லாம இல்ல. 5,000 ரூபாய்க்கு குறைஞ்ச பொருள முதல் தடவை திருடி திருப்பி குடுத்துட்டா சமூக சேவைதான் தண்டனை. மத்த சாதாரண திருட்டுக்கு முதல் தடவை அதிகபட்சம் 3 வருஷம். கவனமில்லாம வண்டி ஓட்டி ஒரு உயிர எடுத்தவருக்கு 5 வருஷம் வரைக்கும் போகலாம், ஆனா அது ஜாமீன்ல விடுற குற்றம், சூரிட்டிக்கு ஆள் இருந்தா அன்னிக்கே வீட்டுக்கு போயிடுவாரு, எங்க பையன் உள்ள கிடப்பான். பெரிய தப்பு எது சின்ன தப்பு எதுங்கறதே தலைகீழாயிடுதே, இது எப்படிங்க நியாயம்?

முதல் கேஸ்காரங்க அந்த குற்றத்தோட அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு காலம் உள்ள இருந்துட்டா விடணும்னு புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட (BNSS) 479வது பிரிவு சொல்லுது. திருட்டுக்கு அது 1 வருஷம். அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். ஜாமீன் குடுத்து ஒரு மாசமாகியும் வெளிய வராதவங்க லிஸ்ட்ட ஜெயில்லேர்ந்து வாங்கிப் பாருங்க, சொந்த பாண்டுல விடுங்க, இல்ல வெளியூர் அண்ணனோட ஆதார பாத்து அவரையே சூரிட்டியா ஏத்துக்கங்க.