சார்ஜரை எங்கே வைப்பது?

பாளையங்கோட்டை

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய வயர்லெஸ் சார்ஜர் பத்திரமாக வந்து சேர்ந்தது. அப்பாவின் கட்டிலை ஒட்டியிருக்கும் ஸ்டூலில் வைக்கச் சொல்லியிருந்தாய். அங்கே வைக்கவில்லை, வைக்கவும் போவதில்லை. காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று அவசரப்படுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் புது வீட்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கட்டிலின் தலைமாட்டுத் தட்டுக்குள்ளேயே சார்ஜரைப் புதைத்துவிடப் போவதாக மாப்பிள்ளை சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் அப்பா. இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை அவருக்கு வைத்திருப்பது மார்பின் மேற்புறம், இடது காறை எலும்புக்குக் கீழே. அந்தக் கருவி காந்தத்துக்குக் கட்டுப்படும்படியே செய்யப்பட்டது. மருத்துவர்கள் பரிசோதனைக்காக அதன்மேல் காந்தத்தை வைத்தால், இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கவனிப்பதை விட்டுவிட்டு, ஒரே சீரான வேகத்தில் தூண்டிக்கொண்டே இருக்கும். காந்தத்தை எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். மருத்துவமனையில் அது வசதி. வீட்டில் நடு இரவில், யாருக்கும் தெரியாமல் நடந்தால் வசதி இல்லை.

நீ அப்பாவுக்குக் கொடுத்த ஐபோனின் முதுகில் வட்டமாகக் காந்தங்கள் இருக்கின்றன. ஐபோன் 12 வந்த 2020லிருந்து அப்படித்தான். 2021இல் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையைச் சேர்ந்த இதய மருத்துவர்கள், அந்தப் போனை ஒரு நோயாளியின் மார்பருகே கொண்டுபோனதுமே உள்ளே இருந்த டிஃபிப்ரிலேட்டர் (துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின்னதிர்வு கொடுத்துச் சரிசெய்யும் கருவி) தன் வேலையை நிறுத்திக்கொண்டதை எழுதினார்கள். அப்பாவுடையது டிஃபிப்ரிலேட்டர் இல்லை. ஆனாலும் எச்சரிக்கை இரண்டுக்கும் பொதுவானது. அதே ஆண்டு மே மாதம் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய போன்களை 6 அங்குலம் தள்ளி வைக்கச் சொன்னது. ஆப்பிள் நிறுவனமும் அதையேதான் சொல்கிறது: சாதாரணமாக 15 சென்டிமீட்டருக்கு மேல், வயர்லெஸ் முறையில் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல். அப்பா இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறவர். ஸ்டூலோ கட்டிலை உரசிக்கொண்டு நிற்கிறது. ஓர் அடி இடைவெளி எங்கிருந்து வரும்?

போனைச் சட்டைப்பையில் போடுகிற பழக்கத்தைச் சொல்லிச் சொல்லி நிறுத்த முடியவில்லை. அவருடைய சட்டைகளின் இடது பை எல்லாவற்றுக்கும் வாயைத் தைத்துவிட்டேன். "பேனா வைக்கக்கூட இடமில்லையா?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது துணிப்பையோடு நடக்கிறார், பழகிவிட்டது.

ஆக, சார்ஜர் ஹாலுக்கு வந்தது. ஹாலில் எங்கே என்பதுதான் அடுத்த வழக்கு. வழக்கம்போல் ஆளுக்கொரு கட்சி.

ஆச்சி பூஜை அலமாரியைச் சொன்னார்கள். விளக்கு எண்ணெயும் கற்பூரமும் இருக்கும் இடத்தில் மின்கருவி வேண்டாம் என்றதும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஃபிரிட்ஜின் தலைதான் சரி என்று பட்டது. ஃபிரிட்ஜ் ஓடும்போது லேசாக அதிரும், கயல். இந்த மாதிரி சார்ஜரில் உள்ளே ஒரு கம்பிச்சுருள், போனின் முதுகில் ஒரு கம்பிச்சுருள். இரண்டும் நேருக்கு நேர் இருந்தால்தான் மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேரும். காந்தம் போனைப் பிடித்துக்கொள்ளும் வகைச் சார்ஜரில் கவலை குறைவு. வெறும் வட்டத் தட்டாக இருந்தால், அதிர்விலோ யாராவது அழைக்கும்போது போன் தானே நடுங்குவதிலோ கொஞ்சம் நகர்ந்துவிடும்; காலையில் பார்த்தால் ஏறியது பாதி. அதோடு ஃபிரிட்ஜின் மேற்புறம் தகரம். இரும்பு மேசை, எவர்சில்வர் மேடை எதன் மேலும் இந்தத் தட்டை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மரம் போதும்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வாயால் விளக்கியதைக் காட்டிலும் உன் சார்ஜர் நன்றாகவே விளக்குகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டது இதுதான்: ஒரு சுருளில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால், தொடாமலேயே பக்கத்துச் சுருளில் மின்சாரம் பிறக்கும். நம் சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பும் இதே குடும்பம்தான். அங்கே பாத்திரத்தின் அடியில் சூடு உண்டாக வேண்டும். இங்கே சூடு உண்டாகக் கூடாது. அதனால்தான் சார்ஜர் மேல் சில்லறை, சாவி, ஊக்கு எதுவும் கிடக்கக் கூடாது என்கிறேன். இடையில் உலோகம் வந்தால் கண்டுபிடித்து நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு நல்ல சார்ஜர்களில் உண்டு. அதை நம்பி ஊக்கைப் போட்டு வைக்க வேண்டியதில்லை. நீ வளையலையும் ஹேர்பின்னையும் கழற்றிக் கண்ட இடத்தில் போடுகிறவள். டிரெஸ்ஸிங் டேபிளில் சார்ஜருக்கு இடம் கொடுத்துவிடாதே. மெட்ரோ கார்டைப் போன் கவருக்குள் செருகி வைக்கிறாயே, அதையும் சார்ஜரில் வைக்குமுன் எடுத்துவிடு. கார்டு கெட்டுப்போகலாம்.

சூடு என்றேன். என் கணக்கில் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான். ஒயரில் ஏற்றுவதைவிட இந்த முறையில் மின்சாரம் கூடுதலாக வீணாகிறது, வீணாகும் அத்தனையும் வெப்பமாகிறது. கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படாதே. தினமும் ஒரு போனை முழுக்க ஏற்றினாலும் வருடத்துக்குக் கூடுதலாக ஆவது இரண்டு மூன்று யூனிட்தான். பயப்பட வேண்டியது பேட்டரிக்காக. லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது; சூட்டிலேயே கிடந்தால் சீக்கிரம் கிழடாகிவிடும். ஆப்பிள் தன் போன்களை 35 டிகிரிக்கு உட்பட்ட இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. சித்திரை வைகாசியில் நம் ஊரில் மத்தியானம் அந்த அளவு எங்கே நிற்கிறது? சூடு ஏறினால் போன் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். "சார்ஜர் கெட்டுவிட்டது" என்று அப்பா உன்னைக் கூப்பிடுவார். அதனால் மேற்குச் சுவரில் வெயில் இறங்கும் பக்கம் வேண்டாம். ஜன்னல் கட்டையும் வேண்டாம். ஐப்பசியில் சாரல் அடிக்கும். டிவி பெட்டிக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அடியில், மெத்தை தலையணை மேல் இதெல்லாம் கேட்கவே வேண்டாம். பகலில் ஏற்றுவதைவிட விடியற்காலையில் ஏற்றுவது நல்லது. அப்பா எப்படியும் நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறார்.

கடைசியில் வாசல் கதவுக்குப் பக்கத்தில், பழைய லேண்ட்லைன் போன் இருந்த மரப்பலகையில் வைத்துவிட்டேன். அந்த இடத்தை யாரும் ஆலோசித்து வைக்கவில்லை; கம்பத்திலிருந்து வந்த ஒயர் அங்கே நுழைந்தது, போனும் அங்கேயே நின்றது. ஆனால் இதற்கு அது நன்றாகவே அமைந்துவிட்டது. நிழலான சுவர், இடுப்புக்கு மேல் உயரம், மூன்று பக்கமும் காற்று. அப்பா வெளியே கிளம்பும்போது கண்ணில் படும், எடுத்துக்கொள்வார். அங்கிருக்கும் சுவிட்ச் போர்டு இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது என்பது இன்னொரு லாபம்.

இன்வெர்ட்டர் என்றதும் ஒன்று. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த மாதிரி நேரத்தில் இந்தச் சார்ஜரைத் தொடக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை இது சூடாக்கியே வீணாக்கும். அதற்காகப் பழைய ஒயர் சார்ஜரை அதே பலகையின் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். இடி இடிக்கும்போது இரண்டையுமே பிளக்கிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஆணிக்கு இவ்வளவு விளக்கம் தேவையா என்று நீ சிரிப்பாய், சிரி.

இனி உன் வீடு. தலைமாட்டுத் தட்டில் புதைக்கும் யோசனையை மாப்பிள்ளை விட்டுவிடட்டும். பிளைவுட் 18 மில்லிமீட்டர் கனம். சாதாரணச் சார்ஜர் சில மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் தாண்டும். கொஞ்சம் தடித்த போன் கவருக்கே திணறும். மரத்தைக் குடைந்து மெல்லிசாக்கிப் பொருத்தலாம் என்பார். அப்படிச் செய்தால், சுற்றிலும் பஞ்சும் ரெக்சினும் வைத்த தலைமாட்டில் அந்தச் சூடு எங்கே போகும்? அதைவிடப் பெரிய விஷயம், தேக்குக் கட்டில் முப்பது வருடம் இருக்கும், சார்ஜர் இருக்காது. ஐபோனுக்கு இந்த வசதி வந்ததே 2017இல். 2020இல் காந்தம் சேர்ந்தது. 2023இல் மற்ற கம்பெனிகளுக்கும் பொதுவாக க்யூஐ2 என்று காந்தத்தோடு புதிய தரம் வந்துவிட்டது. நாளைக்கு என்ன வருமோ? கட்டிலை உடைத்தா மாற்றுவீர்கள்? ஆசாரியிடம் தட்டின் பின்பக்கம் ஒயர் போக விரற்கடை அளவு ஓட்டை மட்டும் போடச் சொல்.

உண்மையில் படுக்கையறையே வேண்டாம் என்றுதான் சொல்வேன். உனக்கு அலாரம் வேண்டும், மாப்பிள்ளைக்கு ராத்திரி ஆபீஸிலிருந்து அழைப்பு வரும், தெரியும். அப்படியானால் கையெட்டும் தூரத்தில் இல்லாமல், எதிர்ச் சுவரில் பீரோவுக்குப் பக்கத்தில் வை. மணி அடித்தால் எழுந்து நடந்து போய்த்தான் அணைக்க வேண்டும். சார்ஜரின் நீல விளக்கு இருட்டில் கண்ணைக் குத்தினால், அதன்மேல் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டு. இங்கே நான் அதைத்தான் செய்தேன்.

குட்டிப் பயல் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்கிறாய். எந்த அறையானாலும் அவன் கைக்கு எட்டாத உயரம், ஒயர் தொங்காத இடம். வட்டமான எதைக் கண்டாலும் அதன்மேல் எதையாவது வைத்துப் பார்ப்பான் அவன். உன் சிறு வயதில் என் செப்பு நாணய டப்பாவைக் கவிழ்த்து வீடெல்லாம் பரப்பியவள் நீ, சொல்லவா வேண்டும்.

மறந்துவிட்டேன், நீ அனுப்பிய பெட்டியில் அடாப்டர் இல்லை. வீட்டில் கிடந்த பழைய 5 வாட் அடாப்டரில் மாட்டினால் ஆமை வேகத்தில் ஏறுகிறது. 20 வாட் ஒன்று இங்கேயே வாங்கிக்கொள்கிறேன், நீ அனுப்பாதே. உனக்கும் அதே அளவு வாங்கிக்கொள். லேப்டாப்பின் ஓட்டையில் செருகி ஒப்பேற்றாதே.

ஆசாரி சனிக்கிழமை வருகிறார் என்றாய். அதற்கு முன் பீரோவுக்குப் பக்கத்துச் சுவிட்ச் போர்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம், அங்கே மத்தியான வெயில் விழுகிறதா என்று பார்த்து எனக்குச் சொல். அப்பாவுக்கு அடுத்த மாதம் பேஸ்மேக்கர் பரிசோதனை இருக்கிறது. தேதி தெரிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா