யூதப் பண்டிகைப் புத்தகங்கள்: வாங்குமுன் படத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையில் பள்ளி வாசிப்பு மூலைகளுக்கும் சிறார் நூலகங்களுக்கும் பிற சமயப் பண்டிகைகள் பற்றிய படப் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்போர் கவனத்துக்கு இதை எழுதுகிறோம்.

யூத மரபு என்று தேடினால் முதலில் கையில் அகப்படுவது ஹனுக்கா என்ற எட்டு நாள் விளக்குப் பண்டிகையின் கதைதான். கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் அமெரிக்காவில் அதற்கு மவுசு அதிகம். யூதர்களின் ஆண்டில் அது சிறிய பண்டிகை. வாராவாரம் வரும் ஓய்வுநாள், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதைக் கொண்டாடும் பஸ்கா, கூடாரப் பண்டிகை ஆகியவற்றைப் பற்றிய புத்தகங்களை முதலில் வாங்குங்கள். ஹனுக்கா நான்காவதாக வரட்டும்.

நான்கு வயதுக் குழந்தை எழுத்தைப் படிப்பதில்லை, படத்தைப் படிக்கிறது. ஆகவே பிழை தேட வேண்டிய இடம் படம். ஹனுக்கா விளக்கில் எட்டு இரவுக்கு எட்டுத் திரி, அவற்றை ஏற்றுவதற்கென்று சற்று உயரத்திலோ தள்ளியோ நிற்கும் ஒன்று, ஆக ஒன்பது. ஏழு கிளை விளக்கு எருசலேம் ஆலயத்துக்குரியது. ஓவியர்கள் இரண்டையும் குழப்புவது சகஜம். மூன்றாம் இரவு என்று எழுதிவிட்டு ஒன்பதும் எரிவதாகப் படம் போட்டிருந்தால் எண்ணப் பழகும் குழந்தை மாட்டிக்கொள்ளும்: அன்று எரிய வேண்டியது நான்கு. மெழுகுவர்த்திகளை வலப்பக்கத்திலிருந்து நிறுத்தி, அன்றைக்குப் புதிதாய் வைத்ததை முதலில் ஏற்றி வலப்பக்கம் நகர்வார்கள். எட்டு நாளுக்கும் சேர்த்து 44 வேண்டும்.

எபிரேயப் புத்தகம் வலமிருந்து இடமாகத் திரும்பும். தமிழ்ப் பதிப்புக்காகப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டால் விளக்கு வரிசை மாறும், ஹனுக்காவில் பிள்ளைகள் சுற்றும் பம்பரத்தில் உள்ள எபிரேய எழுத்துகளும் இடம்வலம் மாறிவிடும். பக்க வரிசையை மட்டும் மாற்றிவிட்டுப் படத்தைத் தொடாமல் விடுவதே சரி.

ஓய்வுநாள் புத்தகத்தில் சன்னலைப் பாருங்கள். விளக்கேற்றுவது வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன். 18 நிமிடம் முன்னதாக என்பது பரவலான வழக்கம். தாய் விளக்கேற்றும்போது வெளியே நட்சத்திரம் தெரிந்தால் ஓவியருக்கு விஷயம் தெரியவில்லை. நட்சத்திரத்துக்குரிய இடம் மறுநாள் இரவு: மூன்று தெரிந்ததும் பல திரி பின்னிய மெழுகுவர்த்தியை ஏற்றி, வாசனைப் பொருளை முகர்ந்து ஓய்வுநாளை வழியனுப்புவார்கள். அந்தப் பக்கம் வரும்போது குழந்தைகள் கையில் இரண்டு கிராம்பு கொடுங்கள், கதை மூக்கிலும் ஏறும்.

பஸ்கா மேசையில் உப்பிய ரொட்டி இருந்தால் புத்தகத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டெடுத்த, புளிக்காத தட்டையான அப்பம்தான் அங்கே இருக்க வேண்டும். அன்று வீட்டின் கடைக்குட்டிதான் நான்கு கேள்வி கேட்கும். ஒளித்துவைத்த அப்பத்துண்டைத் தேடுவதும் பிள்ளைகள் வேலை. கதைநேரத்தில் உரக்க வாசிக்க இதைவிடத் தோதான பண்டிகை இல்லை. எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாகும் பக்கத்தை ஆறு வயதுக்கு உட்பட்டோரிடம் தாண்டிவிடலாம் என்பது எங்கள் கருத்து. யூத இனப் படுகொலை பற்றிய நூல்களைப் பத்து வயதுக்கு மேற்பட்டோர் அலமாரிக்கு மாற்றுங்கள். பண்டிகைப் புத்தகங்களோடு கலந்து அடுக்க வேண்டாம்.

கூடாரப் பண்டிகையை நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை, கீற்றுப் பந்தல் பார்த்தவர்கள். கூரை வெட்டிய தழையால் ஆனது, வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும், மரத்தடியில் போடக் கூடாது. தகரக் கூரையோ தார்ப்பாயோ வரைந்திருந்தால் பிழை.

இவ்வளவு புத்தகங்களிலும் இந்திய யூதர்களைக் காண்பது அரிது. கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத்தில் எட்டும். கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள் செக்காட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள், என்றே அழைத்தார்கள். ஓய்வுநாளைச் சொல்ல இதைவிட நல்ல கதை உண்டா? தமிழ்ப் பதிப்பாளர்கள் மொழிபெயர்ப்போடு நிற்காமல் இதை எழுதி வரையச் சொல்ல வேண்டும்.

எலியா தீர்க்கதரிசியின் பெயரால் பெனே இஸ்ரேல் மக்கள் படைக்கும் மலிதா என்ற இனிப்பு அவலையும் வகுப்பிலேயே செய்து காட்டலாம். கெட்டி அவலை அலசி, நீரை ஒட்ட வடித்து, தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் கலந்து, பழத்துண்டுகளோடு பரிமாறுங்கள். மெல்லிய அவல் குழைந்துவிடும். சர்க்கரையை முன்பே சேர்த்தால் நீர்விடும், கடைசியில் தூவுங்கள்.

இப்படிக்கு,
சிறார் கதைநேரம் நடத்துவோர்,
மதுரை