விரல் தூக்கிக் காத்திருந்தவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இன்று மாலை ஐந்தரைக்கு என் கடைசி ஷாட் ஓகே ஆனது. நாளை சென்னைக்கு விமானம். மொரீஷியஸில், காத்ர் போர்ன் ஊர் விடுதி அறையில், பாதி கட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜனவரியில் படப்பிடிப்பில் வசனம் வராமல் நான் தடுமாறிய அந்தப் பத்து நாள் என்ன நடந்தது, என்னைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பக் கிளற மனசில்லை. நன்றி சொல்லாமல் விமானம் ஏறவும் மனசில்லை.

பதினோரு வருடம் சீரியலில் இருந்தேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சீன் போகும். சீன் பேப்பர் பல நேரம் மேக்கப் போடும்போதுதான் கைக்கு வரும். மனப்பாடம் செய்ய நேரம் ஏது? கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வரி வரியாக எடுத்துக்கொடுப்பார், காதில் விழுந்ததை வாங்கிப் பேசுவோம். குரலை அப்புறம் டப்பிங்கில் வேறொருவர் கொடுத்துவிடுவார், அதனால் பிராம்ப்டிங் சத்தம் பதிந்தாலும் பரவாயில்லை. இதை நான் குறை சொல்ல மாட்டேன். தினம் ஒரு எபிசோடு கொடுத்தாக வேண்டிய இடத்தில் வேறு வழியில்லை, எனக்குச் சோறு போட்டதும் அதுதான். ஆனால் இந்தப் படம் லைவ் சவுண்ட், நடிக்கும்போதே நம் குரல் பதிவாகும், டப்பிங் கிடையாது. எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது என்றதும் என் நாக்கு அப்படியே நின்றுவிட்டது. சரி, மீதி உங்களுக்கே தெரியும்.

எங்கள் யூனிட் வேன் ஓட்டியவரை எல்லோரும் தோந்தோ என்றுதான் கூப்பிடுவோம். இங்கே பேசும் கிரியோல் மொழியில் வயதானவர்களை அப்படி அழைக்கிறார்கள், நம் ஊரில் மாமா என்பது போல. தமிழர். போர் லூயி துறைமுகத்தில், ஆப்ரவாசி காட் என்னும் இறங்குதுறையின் அந்தக் கற்படிகளில் ஒப்பந்தக் கூலியாக ஏறி வந்தவர் தன் முப்பாட்டன் என்று சொன்னார். தமிழ்ப் பேச்சு அவர் அப்பா காலத்தோடு வீட்டில் நின்றுவிட்டதாம். ஒருநாள் இந்த நாட்டு இருநூறு ரூபாய் நோட்டை நீட்டி, அதில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஆயுசு முழுக்கக் கையில் புழங்கிய நோட்டு. நான் வாசித்தேன், அவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

எல்லாம் கைவிட்டுப் போனது என்று நான் நினைத்த அன்று இரவு, விடுதி வாசலில் வேன் நின்ற பிறகும் நான் இறங்கவில்லை. தோந்தோவும் இன்ஜினை அணைத்துவிட்டு இருந்தார். என் மடியில் கிடந்த சீன் பேப்பரை எடுத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "மோ பா கொனே லிர் தமூல்" என்றார். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று அர்த்தம். அப்புறம் கையால் சைகை காட்டினார், நீ சொல், நான் கேட்கிறேன் என்று.

சொன்னேன். இரண்டாவது வரியில் நின்றேன். அவரால் எடுத்துக்கொடுக்க முடியாது. ஸ்டியரிங் மேல் தாளம் தட்டிக்கொண்டிருந்த ஆள்காட்டி விரலை அப்படியே மேலே தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கு வரி வரும்வரை அந்த விரல் இறங்கவில்லை. முகத்தில் அவசரம் இல்லை, இரக்கமும் இல்லை. அவ்வளவு நேரம் எனக்காக யாரும் காத்திருந்ததில்லை. வரி வந்தது. விரல் ஸ்டியரிங்கைத் தொட்டது.

ஒன்பது இரவு இப்படி நடந்தது. அவருக்கு அப்போது காவடி விரதம். பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு, கோயில் பூஜையும் முடித்துவிட்டு வருவார். நான்காம் நாள் நான் ஒரு சொல்லை விட்டுவிட்டேன், உடனே விரல் எழுந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். டாஷ்போர்டைத் திறந்து ஒரு பழைய நோட்டைக் காட்டினார். காவடிக்குப் பாடும் பாட்டு முழுவதும் பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருந்தது. அர்த்தம் தெரியாது, ஆனால் சிறுவயதிலிருந்து ஒரு எழுத்து பிசகாமல் பாடுகிறார். என் வசனத்தையும் அப்படியே காதில் வாங்கியிருக்கிறார்.

தைப்பூசத்தன்று நாடு முழுக்க விடுமுறை, படப்பிடிப்பு இல்லை. கோர் தெ கார்த் மலையிலிருக்கும் முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போனார். நாக்கில் வேல், அதனால் பேச்சில்லை. தகிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு என்னைக் கடந்தபோது, காவடியைப் பிடித்திருந்த கையில் அந்த ஒரு விரல் மட்டும் மேலே எழுந்தது. மறுநாள் ஏழு நிமிட சீனை ஒரே டேக்கில் முடித்தேன். என் சொந்தக் குரலை ஹெட்ஃபோனில் கேட்டபோது அழுதுவிட்டேன்.

இயக்குநருக்கும், காற்று ஓயக் காத்திருந்த சவுண்ட் தம்பிக்கும், சென்னையிலிருந்து தினமும் பேசிய, எட்டு வருடம் எனக்குக் குரல் கொடுத்த டப்பிங் அக்காவுக்கும், என் பாத்திரத்தை வெளியூர் அனுப்பிச் சமாளித்த சீரியல் குழுவுக்கும், காவடியன்று வாழையிலையில் ஏழு கறி பரிமாறிய காத்ர் போர்ன் வீட்டு அம்மாக்களுக்கும், தப்பாகப் பேசியவர்களிடம் எனக்காக வாதாடிய உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. தனித்தனியாகச் சொல்ல இந்த இரவு போதாது.

இனி சீரியலுக்குத் திரும்பினாலும் வசனத்தை முந்தின இரவே வாங்கிப் படித்துவிட்டுத்தான் செட்டுக்குப் போவேன். கிடைக்காத நாளில் கேட்டு வாங்குவேன்.

தோந்தோவின் நோட்டை நேற்று கடன் வாங்கி, அந்தப் பாட்டை ஒரு புது நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே அர்த்தத்தை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எழுதி, விடுதிப் பெண்ணிடம் திருத்தி வாங்கினேன். முதல் பக்கத்தில் அ, ஆ, இ, ஈ. காலை ஐந்து மணிக்கு விமான நிலையம் போக அவர்தான் வண்டி எடுத்து வருகிறார்.