சேகருக்கு: டிஃபரன்ஷியல் சூட்டைப் பற்றி

வேலந்தாவளம்,
பங்குனி மாதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். தங்கச்சிக்கு மாற்றல் கும்மிடிப்பூண்டிக்கே கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். இனிப் பொன்னேரிக்கு ரயிலைப் பிடிக்க ஓட வேண்டாம்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. கேரளா என்றாலே மழை என்று நினைப்பார்கள். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. கொழிஞ்சாம்பாறை தாண்டினால் தென்னந்தோப்புகூடக் கிணற்றை நம்பித்தான் நிற்கிறது. மதியம் பட்டறைத் தகரத்துக்குக் கீழே நிற்க முடிவதில்லை. வண்டியில் எந்த ஆயில் எவ்வளவு சூடாகும் என்று சோதிக்க இதைவிடத் தோதான மாதம் கிடையாது.

ரேஸ் டிராக்கில் ஓட்டும் உன் வண்டியில் கியர் பாக்ஸுக்கும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் சேர்த்து, ஆயிலைக் குளிர்விக்க ஒரே கூலர் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. பம்பும் தனித்தனிதான். டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 தர ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்க்கை அதிகம். அதிலுள்ள ஹைபாய்டு வகைப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி உரசுவதால் அவற்றுக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் கியர் பாக்ஸில் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அதே சேர்க்கை அரிக்கக்கூடும். அதோடு எல்எஸ்டியின் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) தட்டுகள் தேய்ந்து உதிரும் தூளும் ஆயிலில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் பல் உடைந்தால் அந்தச் சில்லு மறுபக்கத்துப் பேரிங்குக்குப் போக நாமே ஏன் குழாய் போட்டுக் கொடுக்க வேண்டும்?

என் வண்டி அதே பழைய பிஎம்டபிள்யூ 325i, இ46 என்னும் மாடல் பாடி. 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர், 192 குதிரைத்திறன், அதாவது சுமார் 141 கிலோவாட். இதில் டிஃபரன்ஷியல் வழியாகப் போகும்போது நூற்றுக்கு 3 பங்கு சூடாக மாறுகிறது என்று வை. முழு ஆக்சிலரேட்டரில் 4 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. சுற்றில் பாதி நேரம்தான் முழுசாக மிதிக்கிறோம் என்றாலும், குளியலறை கீசர் ஒன்று ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயிலுக்குள் நிற்காமல் எரிவது போலத்தான். ரோட்டில் இந்தத் தொல்லை வராது. அங்கே யார் இருபது நிமிஷம் விடாமல் மிதிக்கிறார்கள்?

கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கின் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்தான். சின்ன டிராக், வேகம் குறைவு, சூடும் குறைவாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வளைவுக்கு வளைவு எல்எஸ்டி தட்டுகள் உரசுகின்றன, காற்றோட்டமோ குறைகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உங்கள் 3.7 கிலோமீட்டர் டிராக்கில் நேர்பாதை வந்தால் வண்டிக்கு அடியில் நல்ல காற்று கிடைக்கும். ஆகவே முதல் வேலை அளப்பது. இரண்டு டிரெய்ன் பிளக்குகளிலும் சென்சார் போட்டு டேஷ்போர்டில் மீட்டர் வை. 80 முதல் 110 டிகிரி வரை நல்லது. 130-ஐத் தாண்டி நின்றால் ஆயில் மெலிந்து கருக ஆரம்பிக்கும், சாதாரண ரப்பர் சீல் இறுகிப்போகும். அந்த இடத்தில் விட்டான் (Viton) என்னும் ரப்பரில் செய்த சீல்தான் தாங்கும்.

கோவையிலிருந்து வரும் ஒரு பையனின் வண்டியில் யாரோ அளந்துகூடப் பார்க்காமல் பெரிய கூலராகப் போட்டு, சாவி போட்டதும் பம்பு ஓடும்படி வயரிங் செய்திருந்தார்கள். மார்கழிக் காலையில் கெட்டியாக இருந்த ஆயிலை பம்பு இழுக்க முடியாமல் ஃபியூஸ் போய்விட்டது. மீட்டர் இல்லாததால் அவனுக்குத் தெரியவில்லை. டிஃபரன்ஷியலுக்குள் விசை நுழையும் பினியன் தண்டின் சீல் போய், ஆயில் வளைவில் கொட்டி, பின்னால் வந்தவன் வண்டி சுழன்றுவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. அதைப் பார்த்த பிறகு என் பம்பை 90 டிகிரியில்தான் தானாக ஓடும்படி தெர்மோ சுவிட்சோடு கட்டியிருக்கிறேன்.

ஆயில் ஓட்டம் இப்படி: அடியில் டிரெய்ன் பிளக் துளையிலிருந்து பெரிய ஹோஸ், உடனே ஒரு வலை ஃபில்டர், அதன் பிறகு பம்பு, கூலர். திரும்பி வரும் ஆயில் மேலே நுழைந்து பினியன் பேரிங் பக்கம் விழுகிறது. அடாப்டர்களை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். பம்பு செட் வேலை பார்த்துப் பழகிய கை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. காற்றை வெளியே விடும் பிரீதரை மறந்துவிடாதே. 80 டிகிரி ஏறினால் ஆயில் நூற்றுக்கு 5, 6 பங்கு பெருகும். அது சைலன்சர் மேல் கொட்டாமல் ஒரு கேட்ச் டப்பாவுக்குப் போக வேண்டும்.

கூலரை ஸ்பேர் வீல் குழியை வெட்டி வைத்திருக்கிறேன். கூலரைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் அடைத்துவிட வேண்டும். விட்டால் காற்று கூலருக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிடப் பெரியது, பம்பருக்குப் பின்னால் திறக்கிறது. டிராக் ஓரத்துப் பிட்டில் நிற்கும்போது ஃபேன். டிஃபரன்ஷியலைக் கழற்றிய கையோடு பின் சக்கர அமைப்பைத் தாங்கும் சப்ஃப்ரேம் சட்டம் பிடிக்கும் தரைத் தகட்டுக்கும் பிளேட் வைத்து வெல்டிங் செய்தாயிற்று. இ46-க்கு அங்கே விரிசல் விழுவது எல்லோருக்கும் தெரிந்த வியாதி.

கியர் பாக்ஸுக்கு இதுவரை கூலர் போடவில்லை. மீட்டர் 105-ஐத் தாண்டவில்லை. பக்கத்தில் போகும் எக்ஸாஸ்ட் குழாய்க்கு வெப்பத் துணி சுற்றியதே போதும் போலிருக்கிறது. தேவையில்லாமல் எடை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

செட்டிபாளையம் போகும்போதெல்லாம் கரிவரதனைத்தான் நினைத்துக்கொள்கிறேன். மாருதி 800 எஞ்சினை வைத்து கோவையிலேயே ஃபார்முலா மாருதி வண்டியை உருவாக்கிக் காட்டிய மனிதர். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். 2003-இல் திறந்த டிராக்குக்கு அவர் பெயர். நம் ஊர்ப் பட்டறையில் இது முடியும் என்ற தைரியம் எனக்கு அவரால் வந்தது.

சென்னை போனால் புதுப்பேட்டையில் எனக்காக இ46-இன் டிஃபரன்ஷியல் ஹவுசிங் ஒன்று தேடிப் பார். உள் பாகம் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, போல்ட் மாட்டும் காது உடையாமல் இருக்க வேண்டும். உன் வண்டியில் சென்சார் போட்டதும் இரண்டு மீட்டரும் என்ன காட்டுகின்றன, வெளியே வெயில் எவ்வளவு என்று எழுது. அதை வைத்து உன் கூலருக்கு எத்தனை வரிசைக் குழாய் வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதற்குள் எதையும் வாங்கிவிடாதே.

அம்மாவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
முருகேசன்