புகார்: விற்கும்போதே பழுதாக இருந்த ஏர் சஸ்பென்ஷன், இன்றுவரை வராத என்ஓசி (தடையில்லாச் சான்று)

அனுப்புநர்: வண்டியை வாங்கியவர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, பழைய சொகுசுக் கார் விற்பனைக் கிளை, பெங்களூரு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் 32 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஏழு சீட் டீசல் எஸ்யூவியின் ஏர் சஸ்பென்ஷன் (வண்டியைக் காற்றுப் பைகளால் தாங்கி, ஏற்றி இறக்கும் அமைப்பு) பற்றி ஆப்பில் எழுதியாயிற்று, மெயில் போட்டாயிற்று, கஸ்டமர் கேருக்கும் பேசியாயிற்று. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கம்ப்ளைண்ட் நம்பர் தருகிறீர்கள், பழையதை யாரோ மூடிவிடுகிறார்கள். "உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது" என்று மெசேஜ் வந்த அதே காலையில் வாசலில் போய்ப் பார்த்தால், இடது முன்சக்கரம் மட்கார்டுக்குள் புதைந்து வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. என்ன தீர்வு கண்டீர்கள், யார் கண்டது என்று தெரியாமல்தான் இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

வண்டியின் விவரம் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பச்சை டிக் போட்ட அந்தச் செக்கிங் ரிப்போர்ட்டும் நீங்கள் தந்ததுதான். சஸ்பென்ஷன் பகுதியில் ஒரு வரி விடாமல் பச்சை. இதைத் தயாரித்தவர் வண்டியை ஒரு ராத்திரி நிறுத்திப் பார்த்தாரா என்பதுதான் என் முதல் கேள்வி.

இந்த வண்டியை ஏன் எடுத்தோம் என்பது உங்கள் சேல்ஸ் தம்பிக்கு நன்றாகத் தெரியும். என் அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, உயரமான வண்டியில் ஏற முடியாது. உங்கள் யார்டில் அந்தத் தம்பி பின்பக்கக் கதவைத் திறந்து பட்டனை அழுத்தினார். வண்டி மெல்ல இறங்கியது. அப்பா யார் கையையும் பிடிக்காமல் காலை எடுத்து வைத்து உள்ளே உட்கார்ந்தார். "பார்த்தீங்களா சார், ஐயாவுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் அந்தத் தம்பி. அந்த ஒரு பட்டனுக்காகத்தான் மற்ற வண்டிகளை எல்லாம் விட்டுவிட்டு இதை எடுத்தோம். இன்று அந்தப் பட்டன் சம்பந்தப்பட்ட எதுவும் வாரண்டியில் வராது என்கிறீர்கள். ரப்பர் பாகமாம், தேய்மானமாம். பணம் வாங்கும்போது அது சிறப்பு வசதி, பழுதாகிவிட்டால் தேய்மானமா?

அப்பாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போதுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று உங்கள் பெங்களூரு ஆட்களுக்குத் தெரியாவிட்டால் எந்த லாரி டிரைவரையாவது கேளுங்கள். இரட்டைப் பாலம் வருவதற்கு முன்னால் டிஸ்ப்ளே சிவப்பாகி, வண்டி மட்டம் தாழ்ந்துவிட்டது, நிறுத்து என்கிறது. பின்னால் இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர் ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறது. எங்கே நிறுத்துவது? அப்பா சீட்டைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நாங்கள் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தது கடவுள் புண்ணியம், உங்கள் செக்கிங்கின் புண்ணியம் அல்ல.

அன்று இரவே கஸ்டமர் கேருக்குப் பேசினேன். அப்போது எடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யூஸ்டு வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும். உங்க ஊர் ரோட்ல ஓட்டினா சஸ்பென்ஷன் போகத்தான் செய்யும். மெயின்டெய்ன் பண்ண முடியாதவங்க எதுக்கு சார் லக்சுரி வண்டி வாங்குறீங்க?" நான் கத்தவில்லை, தவறாக ஒரு வார்த்தை பேசவில்லை. மேலதிகாரியிடம் இணைப்பைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். போனை வைத்துவிட்டார். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். எங்கள் ஊர் ரோடு தேசிய நெடுஞ்சாலை 44. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகிற ரோடு அது, உங்கள் கிளையிலிருந்து சேலம் பக்கம் யார் வந்தாலும் அதில்தான் வரவேண்டும்.

சரி, பேச்சை விடுங்கள், வண்டிக்கு வருகிறேன். அப்புறம் நீங்களே பெங்களூருக்கு வரச் சொல்லி காலை 10 மணிக்கு ஸ்லாட் கொடுத்தீர்கள். விடியும் முன் கிளம்பி, வண்டியை நோகாமல் உருட்டிக்கொண்டு, ஓசூர், அத்திப்பள்ளி டிராஃபிக்கை எல்லாம் தாண்டி வந்து நின்றேன். கேட்டில் இருந்தவர் என் பெயரே லிஸ்டில் இல்லை என்றார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் வண்டியை உள்ளே எடுத்தார்கள். சாயங்காலம் வெளியே வந்தபோது உள்ளே செண்ட் வாசனை, சீட்டெல்லாம் பளபளப்பு, அப்பாவின் ஊன்றுகோலைத் தூக்கி டிக்கியில் போட்டிருந்தார்கள். சஸ்பென்ஷனை யாரும் தொடக்கூட இல்லை. என் புகாரை உங்கள் ஆட்கள் "இன்டீரியர் க்ளீனிங்" என்று பதிவு செய்திருந்தார்களாம்! மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றால் ஷிப்ட் முடிந்துவிட்டது என்றார்கள். இவ்வளவு தூரம் வந்தவனிடம் ஒரு மன்னிப்பு கேட்க உங்கள் கிளையில் ஒரு மனிதர் இல்லையா?

திரும்பும் வழியில் சூளகிரிக்குப் பக்கத்தில் முன்பக்கம் முழுதாக உட்கார்ந்துவிட்டது. உங்கள் சாலை உதவி எண்ணுக்குப் போட்டால், கிருஷ்ணகிரி மாவட்டம் சர்வீஸ் ஏரியாவில் இல்லையாம். வண்டியை என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து உங்கள் இணையப் பக்கத்தில் போட்டீர்களே, அந்த வீடும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ரெக்கவரி வண்டிக்கு நானே காசு கொடுத்து ஓசூருக்கு ஏற்றிப்போனேன்.

அங்கே மெக்கானிக் செய்தது ரொம்பச் சாதாரணமான வேலை. சோப்புத் தண்ணீரைக் கரைத்து இடது முன்பக்கக் காற்றுப் பையின் மேல் பீய்ச்சினார். ரப்பர் மடிப்பில் வரிசையாக நுரை பொங்கியது. விளக்கு அடித்துக் காட்டினார். விரிசலுக்குள் பழைய மண் இறுகிப்போய் இருந்தது. நேற்று விழுந்த விரிசலில் அப்படி மண் ஏறாது என்றார். காற்று கசிந்துகொண்டே இருந்ததால், பைகளுக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, சூடேறி, அதுவும் போகும் நிலையில் இருக்கிறது. அடுத்து வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் போட்டார். கம்ப்ரசர் அதிகச் சூடு என்ற பழுதுக் குறியீடு பதிவாகியிருந்தது. பக்கத்திலேயே எந்தக் கிலோமீட்டரில் பதிவானது என்பதும் இருந்தது. அந்த எண், நீங்கள் எனக்கு டெலிவரி கொடுத்த அன்று மீட்டரில் இருந்த எண்ணைவிடக் குறைவு! அதாவது பழுது உங்கள் கையில் இருக்கும்போதே வந்திருக்கிறது. எங்கள் ஊர் ரோடு அந்த வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே வந்திருக்கிறது. தெரிந்தே என் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இல்லை என்றால் எழுத்தில் மறுத்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, என்ஓசி. வண்டி கர்நாடகப் பதிவு. பெங்களூரு ஆர்டிஓவிடமிருந்து என்ஓசிக்கான படிவம் 28 வராமல் கிருஷ்ணகிரி ஆர்டிஓ ஆபீசில் ஒன்றும் நகராது, டி.என். 24 நம்பர் கிடைக்காது, இங்கே வரி கட்டவும் முடியாது. கேட்டால் பழைய ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் ஓடிபி சொன்னால்தான் ஆகும் என்கிறீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலரிடம் வண்டி ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிவித்த பிறகு டீலர்தான் ஓனராகக் கருதப்படுவார். என்ஓசிக்கும் பெயர் மாற்றத்துக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஏன் விண்ணப்பிக்கவில்லை? இல்லை என்றால் எந்தத் தைரியத்தில் விற்றீர்கள்? பழைய ஃபாஸ்டேக்கைக்கூட நீங்கள் மூட வைக்கவில்லை. அது முடக்கப்பட்டுக் கிடக்க, கிருஷ்ணகிரி டோலில் நான் இரட்டிப்புப் பணம் கட்டினேன்.

இதனால் எனக்கு ஆன நஷ்டத்தைக் கணக்குப் போட்டு மாளாது. பெங்களூரா ரக மாங்காய் வெட்டு நடக்கும் நேரத்தில் சந்தூர் தோட்டங்களுக்குப் போகவேண்டியவன் உங்கள் கிளை வாசலில் கிடந்தேன். இந்தச் சீசனே என் கையை விட்டுப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் மத்தியில் தலைகாட்ட முடியவில்லை. அப்பா இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போதும் என்கிறார். அதைக் கேட்கும்போது வருகிற வயிற்றெரிச்சலுக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. தயவுசெய்து முன்பக்கம் இரண்டு காற்றுப் பைகளையும் கம்ப்ரசரையும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில், புதுப் பாகங்களாக, உங்கள் செலவில் மாற்றிக்கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றி ஒப்பேற்ற வேண்டாம். என்ஓசி வாங்கிக்கொடுங்கள். ரெக்கவரி, ஸ்கேனர், டோல் செலவுகளைத் திருப்பிக்கொடுங்கள். அந்த இரவு பேசியவர் என் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னிடம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. இதெல்லாம் முடியாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு 32 லட்சத்தையும் திருப்பித் தாருங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் செய்யாவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். வழக்கு என்றால் குருகிராமில் போடுங்கள், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று உங்கள் ஆள் ஒருவர் பயமுறுத்தினார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். வாங்கியது குடும்பத்துக்கு, வாடகைக்கு ஓட்ட அல்ல. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரும் பதிவாகும். நீங்கள்தான் கிருஷ்ணகிரிக்கு வாய்தாவுக்கு வந்துபோக வேண்டியிருக்கும்.

ஸ்கேனர் பிரிண்ட், டெலிவரி அன்று எடுத்த மீட்டர் போட்டோ, நுரை வரும் வீடியோ உள்ள பென்டிரைவ், ரெக்கவரி ரசீது எல்லாம் இத்துடன் இருக்கின்றன. பதிலை எழுத்தில், பொறுப்பான ஒருவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். தயவுசெய்து போன் மட்டும் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களிடம் வண்டி வாங்கிய வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டணம்.