ஜப்பான் குழந்தைக்குத் தெரியுமாம், எங்களுக்குத் தெரியாதாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த பேரிடர் கட்டுரையில், "ஜப்பானில் சின்னக் குழந்தைக்குத் தெரிந்தது நம் கடலோர மக்களுக்குத் தெரிவதில்லை" என்று ஒரு வரி. அந்தக் கடலோர மக்களில் நானும் ஒருத்தி. கடலூர் முதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். காஜா எடுத்துக்கொண்டே வாசித்ததில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

சரி, எங்களுக்குத் தெரியாது. சொன்னது யார்? ஒவ்வொரு புயலுக்கும் "3ஆம் எண் கூண்டு ஏற்றம்" என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். முப்பது வருடமாக வாங்குகிறேன். 3 என்றால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒருநாளும் போட்டதில்லை. ஒரு தடவை 5 இறங்கி 6 ஏறியதும் எதிர்வீட்டு அக்கா, "ஒண்ணு கூடிப்போச்சுடி" என்று நகையைத் துணியில் முடிந்துகொண்டு அழுதார். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர்தான் அப்புறம் விளக்கினார். அது கப்பல்காரர்களுக்கான குறியாம். 5க்கும் 6க்கும் பலத்தில் வித்தியாசமில்லை; புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகப் போகும் என்பதுதான் வித்தியாசம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். தங்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்!

வங்கதேசத்திலும் இதே பழைய எண்கள்தான். 1970 போலா புயலில் மூன்று லட்சம் பேருக்குமேல் பறிகொடுத்த நாடு அது. அங்கே எண்ணோடு விடவில்லை, ஊருக்குள் கொடி ஏற்றுகிறார்கள். மூன்று கொடி பறந்தால் கிளம்ப வேண்டியதுதான். கூப்பிட்டுக் கூட்டிப்போக 75 ஆயிரத்துக்கும் அதிகமான தொண்டர்கள், பாதிப் பேர் பெண்கள். ஏழை நாடு என்பதால் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை போலும்.

ஜப்பானை இழுத்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2011 மார்ச் 11 சுனாமியில் இஷினோமாகியின் ஓகாவா தொடக்கப் பள்ளியில் மட்டும் 74 பிள்ளைகள் போனார்கள். பள்ளியை ஒட்டியே மலை. நிலநடுக்கத்துக்குப் பிறகு முக்கால் மணி நேரம் மைதானத்திலேயே நிற்கவைத்திருந்தார்கள். பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்றா கோர்ட் சொன்னது? முன்கூட்டியே தயார் செய்யாதது நகராட்சியும் மாகாண நிர்வாகமும் செய்த தவறு என்று 2018இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றத்திலும் அதுவே நின்றது. ஜப்பான் குழந்தையைப் பார்த்தவர் ஜப்பான் கோர்ட்டையும் எட்டிப் பார்த்திருக்கலாம்.

எங்கள் பக்கம் ஓர் ஊரில் புயல் பாதுகாப்பு மையம் இருக்கிறது. ஒரு நவம்பர் ராத்திரி, கொட்டுகிற மழையில், மாமியாரைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிப்போனேன். பூட்டு தொங்கியது. சாவிக்காரர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். பையன்கள் அம்மிக்குழவியால் பூட்டை உடைத்தார்கள். உள்ளே கூரைவரைக்கும் உடைந்த பெஞ்சுகள். அந்த இடுக்கில்தான் விடியும்வரை நின்றோம். எங்களுக்கு விழிப்புணர்வு இருந்தது ஐயா, சாவிதான் இல்லை.

அதை அப்போதே போட்டோவுடன் தங்களுக்கு எழுதி அனுப்பினேன். வரவில்லை. அலையில் நனைந்தபடி தங்கள் நிருபர் நிற்கும் படம் நாலு காலத்துக்கு வந்தது. ரெட் அலர்ட் என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்களே, என் பேரனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஸ்கூல் லீவு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை கூண்டு எண்ணைப் போடும்போது, அதற்குக் கீழே அதன் பொருளையும், கரையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதையும் இரண்டு வரியில் போடுங்கள். தங்கம் விலைக்குத் தினமும் பெட்டி கட்டுகிறீர்கள், அதில் பாதி இடம் போதும்.

கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் மாமியார் சமாச்சாரத்தை எடுத்துவிடுங்கள், அவருக்கும் அது பிடிக்காது. பூட்டை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்.