மரபுத்தள உலாக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மூன்று உலாக்கள் போனோம். குளிர்காலத்தில், வரைபடத்தில் கோடு போட்டுப் பார்க்கும் வரைபட மாலை ஒன்று நடத்தினோம். சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பக்கக் குறிப்புத்தாள் தயாரித்துப் பயணப் பேருந்திலேயே கொடுத்தோம். தாளில் இரண்டே பத்திகள். முந்தைய காலத்தவர் அந்த இடத்தில் கண்டு அளந்தது ஒன்றில், அதைக்கொண்டு அவர்கள் நினைத்தது மற்றதில். இந்தப் பிரிப்பு எவ்வளவு அவசியம் என்பது முதல் உலாவிலேயே தெரிந்தது.

முதல் உலா இங்கிலாந்தின் வில்ட்ஷயரிலுள்ள ஏவ்பரி. உலகின் மிகப் பெரிய கல்வட்டம் இது. வெளிவட்டத்தின் குறுக்களவு 330 மீட்டருக்கு மேல். சுற்றியுள்ள அகழியை மான்கொம்பால் 9 மீட்டர் ஆழம் வெட்டியிருக்கிறார்கள். இன்று பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. 1930களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லர் புதைந்த கற்களைத் தோண்டி நிமிர்த்தி, காணாமல் போனவற்றின் இடத்தில் சிறு கான்கிரீட் தூண்களை நட்டார். வட்டத்தின் வடிவம் பிடிபட வேண்டுமானால் அந்தத் தூண்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அவசரத்தில் பெரிய கல்லை மட்டும் படம் எடுப்பவர்களுக்கு வட்டமே தெரிவதில்லை.

1720களில் இங்கே ஆண்டுதோறும் வந்து அளந்தவர் பழமை ஆய்வாளர் வில்லியம் ஸ்டக்லி. அப்போது ஊரார் கற்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லைக் குழியில் சாய்த்து, வைக்கோல் போட்டு எரித்து, சூடேறியதும் குளிர்ந்த நீரை ஒரு கோடாக ஊற்றிச் சம்மட்டியால் அடித்தால் பிளந்துவிடும். அந்த முறையையே அவர் வரைந்து வைத்திருக்கிறார். வட்டத்திலிருந்து இரண்டு கல்வரிசைப் பாதைகள் புறப்படுவதாகவும், இரண்டும் சேர்ந்து ஒரு பாம்பு என்றும், இது துரூயிதுகள் எனும் பண்டைய கெல்ட்டியப் பூசாரிகளின் கோயில் என்றும் எழுதினார். துரூயிதுகளைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் எல்லாம் இந்தக் கற்கள் நடப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னானவை. ஆகவே பாம்புக்கோயில் நிற்கவில்லை. அந்தக் கற்பனையோடு சேர்த்து, மேற்கே பெக்காம்ப்டன் பக்கம் போனதாக அவர் சொன்ன இரண்டாவது பாதையையும் பலர் நம்பாமல் விட்டார்கள். 1999இல் அங்கே அகழ்ந்தபோது கற்களும் குழிகளும் அவர் சொன்ன இடத்தில் கிடைத்தன. நினைத்தது தவறு, கண்டது சரி. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதியிருந்தால் நாமும் சேர்த்தே தள்ளியிருப்போம்.

அருகிலுள்ள மேற்கு கென்னட் நெடுங்கல்லறைக்கு (கல்லறைகளை நீண்ட மண்மேடு மூடிய பழங்காலப் புதைவிடம்) ஏ4 சாலையிலிருந்து வயல் வழியே மேடேற வேண்டும். கழிவறை கிடையாது, மழைக்குப் பின் பாதை முழுக்கச் சேறு. சாதாரண நடைக்காலணியோடு வந்தவர்கள் சிரமப்பட்டார்கள். அடுத்தமுறை கணுக்கால் மூடிய காலணியைக் கட்டாயமாக்கலாம். உள்ளறைகளில் யாராவது மெழுகுவிளக்கு ஏற்றுவதும், கல்லிடுக்கில் நாணயம் செருகுவதும் தொடர்கிறது. சூட்டில் கல் விரிசல் விடும், கரி படிந்தால் போகாது, நாணயம் இடுக்கைப் பெரிதாக்கும். நம் வீட்டு வழக்கமாக அகல் வைக்கத் தோன்றினாலும் இங்கே வைக்க வேண்டாம் என்று உறுப்பினர்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தின் கற்திட்டைகளை (பலகைக் கற்களால் அறைபோல் கட்டிய ஈமச்சின்னங்களை) முன்பே கண்டவர்கள், அவையும் மேற்கு கென்னட்டும் ஒரே மக்கள் கட்டியவையா என்று அங்கே கேட்டார்கள். நம் கற்திட்டைகளில் பெரும்பாலானவை இரும்புக்காலத்தவை. மேற்கு கென்னட்டோ கி.மு. 3650 வாக்கில் எழுந்தது. அதைக் கட்டியவர்களிடம் உலோகமே இல்லை. நிற்கும் பலகைக் கற்கள்மேல் மூடுகல் வைப்பது அறை கட்டுவதற்கு எளிய வழி. அதை யாரும் யாரிடமும் கற்க வேண்டியதில்லை.

இரண்டாவது உலா அஃபிங்டன் வெள்ளைக்குதிரை. குன்றின் சரிவில் பள்ளம் வெட்டிச் சுண்ணாம்புக்கல்லை இடித்து நிரப்பிய, 110 மீட்டர் நீள உருவம். ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் புதுக் கல்லைச் சுத்தியலால் இடித்துச் சேர்க்கிறார்கள். சில ஆண்டு விட்டாலே புல் மூடிவிடும். கி.பி. 871இல் ஆல்ஃபிரட் (பின்னாளில் மன்னர்) பெற்ற வெற்றிக்கு நினைவாக வெட்டியது என்பது நெடுநாள் நம்பிக்கை. மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று அளக்கும் முறையால் 1990களில் சோதித்தார்கள். வந்த காலம் கி.மு. 1380க்கும் 550க்கும் இடையில். அதே முறையை டார்செட்டில் குன்றில் வெட்டிய செர்ன் அப்பாஸ் அரக்கன் உருவத்துக்குப் பயன்படுத்தியபோது நேர்மாறாக நடந்தது. அதை வரலாற்றுக்கு முந்தையது என்று ஒரு சாராரும், 17ஆம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரம் என்று மறுசாராரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2021இல் வந்த முடிவு கி.பி. 700 முதல் 1100 வரை. இரு சாராருமே எதிர்பாராத காலம். மண் மாதிரியில் வெளிச்சம் பட்டால் கணக்கு கெடும் என்பதால் அதை மூடிய குழாயில்தான் எடுப்பார்கள்.

குதிரையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வெள்ளைக் கோடுகள்தான் தெரியும். முழு உருவம் தெரிய வடக்கே பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டும். பயணத்திட்டத்தில் இதற்கு நேரம் ஒதுக்காதது நம் குறை.

மூன்றாவது ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம். நேரம் குறித்த நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்வது நல்லது. பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். பேருந்து உண்டு, நடந்தால் அரை மணி. சாதாரணச் சீட்டில் வட்டத்துக்குள் போக முடியாது. மறைப்பே இல்லாத சமவெளி என்பதால் காற்று கடுமை. குடை உதவாது, மழைச்சட்டை தேவை.

இங்கே குறிப்புத்தாளின் பாடம் தலைகீழ். 1620இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சொல்லி இதை ஆராய்ந்த கட்டடக்கலைஞர் இனிகோ ஜோன்ஸ், இது ரோமானியர் கோயில் என்று முடிவுகட்டினார். நடுவில் குதிரைலாட வடிவில் அமைந்தவை ஐந்து முக்கற்கள் (இரண்டு நிற்கும் கற்கள்மேல் ஒரு குறுக்குக்கல்). அவர் வரைபடத்தில் ஆறு இருக்கின்றன, அழகான அறுகோணமாக. கருத்துக்காக அளவையே வளைத்துவிட்டார். ஸ்டக்லியை நம்புவதுபோல் இவர் வரைபடத்தை நம்ப முடியாது. கற்களை மந்திரவாதி மெர்லின் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்தான் என்ற 12ஆம் நூற்றாண்டுக் கதையைப் பலர் விரும்பிக் கேட்டார்கள். நீலக்கற்கள் எனப்படும் சிறிய கற்கள் வந்தது வேல்ஸின் பிரெசெலி மலையிலிருந்து, சுமார் 240 கிலோமீட்டர். 2024இல் வெளியான ஆய்வு, நடுவே கிடக்கும், 6 டன் எடையுள்ள பலிபீடக் கல் வடகிழக்கு ஸ்காட்லாந்துப் பாறை என்று காட்டியது. குறைந்தது 700 கிலோமீட்டர். கதையைவிட உண்மை தொலைவிலிருந்து வந்திருக்கிறது.

வரைபட மாலைக்கு எடுத்துக்கொண்டது லே கோடுகள். ஹெர்ஃபோர்டின் ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் 1921இல், பழைய மேடுகளும் கற்களும் தேவாலயங்களும் நேர்கோட்டில் அமைவதைக் கவனித்து, அவை பண்டைய வழித்தடங்கள் என்றார். பூமிக்குள் ஓடும் சக்தி என்ற பேச்செல்லாம் 1960களில் பிறர் சேர்த்தது. 'லே' என்பதை ஊர்ப்பெயர்களிலிருந்து எடுத்தார். வெம்பிளி, பிராம்லி, கிராலி என்று நம்மவர் வாழும் ஊர்ப்பெயர்களின் கடைசியில் இருப்பதும் அதுதான். காட்டுக்குள் வெட்டவெளி என்று பொருள்.

இப்படிக் கோடுகள் தற்செயலாகவே அமையுமா என்று சோதிக்கும் முறை இது. பிரிட்டனின் அரசு வரைபட அமைப்பான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:50,000 தாள் ஒன்று 40க்கு 40 கிலோமீட்டர், அதாவது 80 சென்டிமீட்டர் சதுரம். எந்த வகை இடங்களைக் குறிப்பது என்று முதலில் எழுதிவிட வேண்டும்; கோடு போட்ட பிறகு குளத்தையும் குறுக்குச்சாலையையும் சேர்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதே அளவு வெற்றுத்தாளில், கால்குலேட்டர் தரும் தற்செயல் எண்களால் 100 புள்ளி வையுங்கள். கோட்டுக்கு இருபுறமும் அரை மில்லிமீட்டர் வரை ஏற்றால், தரையில் அது 50 மீட்டர் அகலப் பட்டை. கணக்குப்படி மூன்று புள்ளிகள் சேரும் கோடுகள் மட்டும் 200க்கு மேல் வரும். 300 புள்ளி வைத்தால் ஐந்து புள்ளிகள் சேரும் கோடுகளே நாற்பதைத் தாண்டும். ஆகவே ஐந்து இடங்கள் ஒரே கோட்டில் அமைவதால் மட்டும் அங்கே பாதை இருந்தது என்று ஆகாது. வாட்கின்ஸ் கோடுகளைப் பொய்யாக வரையவில்லை என்பதையும் தாளில் எழுதியிருக்கிறோம்.

ஒரு நினைவூட்டல்: பாதுகாக்கப்பட்ட தளங்களில் அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழந்தைகளின் விளையாட்டுக் கருவியும் வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கு, வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை முன்மொழிகிறோம். கல்சுவரைக் கட்டியவர் பேரரசர் ஹேட்ரியன் அல்ல, பின்னாளில் வந்த பேரரசர் செவெரஸ் என்று 19ஆம் நூற்றாண்டு வரை நம்பினார்கள்; குறிப்புத்தாளுக்கு நல்ல பொருள். இரவு தங்க வேண்டியிருப்பதால் பெயர் தருபவர்கள் முன்பணத்தோடு தரவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்